பேரப்பிள்ளையின் அரை மாத்திரை: ரத்தப் புற்றுநோயில் இனம் எங்கே பேசும், எங்கே பேசாது?

சிங்கப்பூரின் பொங்கோலில் வசிக்கும் 38 வயது வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். அவர் தமிழர், மனைவி சீனர். தொடக்கநிலை ஒன்றில் படிக்கும் ஏழு வயது மகனும் பத்து மாத மகளும் இருக்கிறார்கள். சென்ற ஆண்டு மகனுக்கு விடாத காய்ச்சலும், கால்களில் அடிபடாமலே நீலம் பூத்த தடங்களும் வந்தன. பலதுறை மருந்தகத்தில் எடுத்த ரத்தப் பரிசோதனைக்குப் பிறகு அவனை அன்றே மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். ஏ.எல்.எல். எனப்படும் கடும் நிணநீரணு ரத்தப் புற்றுநோய் என்று உறுதியாயிற்று. கடுமையான சிகிச்சைக் கட்டங்கள் முடிந்து, இப்போது வீட்டிலிருந்தே மாத்திரை சாப்பிடும் பராமரிப்புக் கட்டம் நடக்கிறது. தொடக்கத்தில் நாளுக்கு ஒரு மெர்காப்டோப்யூரின் மாத்திரை கொடுத்தார்கள். மூன்றே வாரத்தில் வெள்ளணுக்கள் சரிந்து, பையன் காய்ச்சலோடு ஒன்பது நாள் மருத்துவமனையில் படுத்திருந்தான். அதன்பின் மரபணுப் பரிசோதனையில் 'என்யுடிடி15' என்ற மரபணுவின் ஒரு பிரதி மாறியிருப்பது தெரிந்து, மருந்து அரை மாத்திரையாகக் குறைக்கப்பட்டது.

வீட்டில் இப்போது பல குரல்கள். "ரத்தம் கலந்ததால் வந்த வினை, அந்த மரபணுவும் சீனத்துப் பக்கத்திலிருந்து வந்ததுதான்" என்கிறார் வாசகரின் தாயார். நியூ ஜெர்சியில் இருக்கும் அக்காவோ, பக்கத்து வீட்டு வெள்ளைக்காரப் பிள்ளை முழு மாத்திரை சாப்பிடுவதாகவும், சில இனத்துப் பிள்ளைகளுக்கு இந்நோய் திரும்ப வருவது அதிகம் என்று படித்ததாகவும் சொல்லிக் கலங்குகிறார். அப்பாவின் பெர்த் நண்பர் ஒருவர் ரத்தப் புற்றுநோயோடு ஆறு ஆண்டுகளாக மருந்தே இல்லாமல் இருக்கிறாராம். ஜப்பானில் தாய்ப்பால் வழியாக ரத்தப் புற்றுநோய் பரவுகிறது என்று எங்கோ படித்த மனைவி, கைக்குழந்தைக்குப் பால் கொடுப்பதை நிறுத்தலாமா என்று கேட்கிறார். பிறப்புச் சான்றிதழில் 'இந்தியர்-சீனர்' என்று பதிவான பிள்ளைக்கு எலும்பு மஜ்ஜை தேவைப்பட்டால் உலகில் யாரிடம் போய்க் கேட்பது என்பது வாசகரின் சொந்தக் கேள்வி.

அன்புள்ள வாசகருக்கு,

இரவு எட்டரை மணிக்குச் சாப்பாட்டு மேசையில் நீங்கள் மாத்திரையைக் கத்தியால் பிளக்கும்போது, எதிரே அமர்ந்திருக்கும் உங்கள் அம்மா, "மீதிப் பாதியையும் கொடுத்துவிடேன்" என்று சொல்வதாக எழுதியிருந்தீர்கள். மற்ற எல்லாவற்றையும் பிறகு பேசலாம். முதலில் அதற்குப் பதில்: கொடுக்காதீர்கள். அந்த அரை மாத்திரை உங்கள் மகனுக்குக் குறைவான சிகிச்சை அன்று. அவன் உடலுக்கு அதுதான் முழு அளவு.

அரை மாத்திரை ஏன் போதும்?

மெர்காப்டோப்யூரினை உருவாக்கியவர்கள் கெர்ட்ரூட் எலியனும் ஜார்ஜ் ஹிட்சிங்ஸும். 1953-இல் பயன்பாட்டுக்கு வந்த அந்த மருந்து இன்றும் உலகெங்கும் ஏ.எல்.எல். சிகிச்சையின் முதுகெலும்பாக இருக்கிறது. 1988-இல் அவ்விருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. இந்த மருந்து உடலுக்குள் போய் வேறொரு வடிவம் எடுத்த பிறகே புற்றணுக்களின் மரபுப் பொருளுக்குள் நுழைந்து அவற்றைக் கொல்கிறது. அந்த வீரிய வடிவம் அளவுக்கு மீறிச் சேர்ந்துவிடாமல் உடைத்துத் தள்ளும் வேலையைச் செய்யும் நொதிகளுள் ஒன்றைத்தான் என்யுடிடி15 மரபணு உருவாக்குகிறது. மரபணுவின் ஒரு பிரதி மாறியிருந்தால் அந்த வேலை மந்தமாகிறது. வாய்க்குள் போகும் மாத்திரை பாதியாக இருந்தாலும், எலும்பு மஜ்ஜைக்குள் வேலை செய்யும் மருந்து மற்றப் பிள்ளைகளுக்குக் கிடைக்கும் அளவுக்கு வந்துவிடுகிறது. முழு மாத்திரை கொடுத்தபோது அது எல்லை மீறியது. புற்றணுக்களோடு நல்ல வெள்ளணுக்களும் அழிந்தன. அந்த ஒன்பது நாள்களுக்குக் காரணம் இதுதான்.

இதற்குப் பின்னால் உள்ள வரலாறு நம் பகுதிக்கு நெருக்கமானது என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். பல ஆண்டுகளாக இம்மருந்தின் வழக்கமான அளவு, பெரும்பாலும் ஐரோப்பிய வம்சாவளிப் பிள்ளைகளிடம் கிடைத்த அனுபவத்தை வைத்தே அமைந்திருந்தது. அவர்களுள் சிலருக்கு மருந்து ஒத்துக்கொள்ளாததற்கு டிபிஎம்டி என்ற வேறொரு மரபணு காரணம் என்று முன்பே தெரிந்திருந்தது. ஐரோப்பியரில் ஏறத்தாழ பத்தில் ஒருவரிடம் அந்த மாற்றம் உண்டு. ஆசியப் பிள்ளைகளிடம் அந்த மாற்றம் குறைவு. அப்படியிருந்தும் அவர்களுடைய வெள்ளணுக்கள் அதே அளவு மருந்துக்குச் சரிந்தன. ஆசிய மருத்துவர்கள் காரணம் புரியாமலே, அனுபவத்தால் அளவைக் குறைத்துக் கொடுத்து வந்தார்கள். 2014-இல் கொரிய ஆய்வாளர்கள், குடல் அழற்சிக்காக இதே குடும்பத்து மருந்தைச் சாப்பிட்டவர்களிடம் என்யுடிடி15 மாற்றத்தைக் கண்டுபிடித்தபோதுதான் புதிர் அவிழ்ந்தது. அடுத்த ஆண்டு ஏ.எல்.எல். பிள்ளைகளிடம் நடந்த ஆய்வில், இரண்டு பிரதிகளும் மாறியிருந்தவர்கள் திட்டமிட்ட அளவில் சராசரியாக 8 விழுக்காட்டை மட்டுமே தாங்கினார்கள். ஒரு பிரதி மட்டும் மாறியிருந்தவர்கள் ஏறத்தாழ 63 விழுக்காட்டைத் தாங்கினார்கள். 2016-இல் வெளியான தொடர் ஆய்வில் குவாத்தமாலா, ஜப்பான் பிள்ளைகளோடு சிங்கப்பூர்ப் பிள்ளைகளும் இடம்பெற்றார்கள். உங்கள் மகனின் மருந்துச் சீட்டில் இருக்கும் அளவுக்குப் பின்னால், இதே ஊரில் இதே நோயோடு போராடிய பிள்ளைகளின் ரத்தத்திலிருந்து கிடைத்த அறிவு இருக்கிறது. அதை உங்கள் அம்மாவிடம் சொல்லுங்கள்.

அமெரிக்காவில் 2012-இல் வெளியான ஓர் ஆய்வையும் இங்கே சொல்ல வேண்டும். இம்மருந்தில் எழுதிக்கொடுத்த அளவின் 95 விழுக்காட்டுக்குக் கீழே சாப்பிட்ட பிள்ளைகளுக்கு நோய் திரும்புவது கூடியிருந்தது. 'எழுதிக்கொடுத்த அளவு' என்பதுதான் இதில் முக்கியம். உங்கள் வீட்டில் அது அரை மாத்திரை. அதைக் கூட்டுவதும் தவறு, விருந்து, பயணம், பிள்ளையின் அழுகை என்று ஏதாவது காரணத்தால் விட்டுவிடுவதும் தவறு. ரத்த எண்ணிக்கையைப் பார்த்து மருத்துவர் அளவை அவ்வப்போது ஏற்றி இறக்குவார். அது வழக்கமான நடைமுறைதான். குழப்பத்தின் அடையாளமாக அதை எண்ண வேண்டாம்.

'சீனத்துப் பக்கம்' என்ற பேச்சு

இந்த மரபணு மாற்றம் கிழக்காசியரில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவரிடம் இருக்கிறது என்பது உண்மை. ஆனால் தெற்காசியரிடமும் அது ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு இருக்கிறது. தமிழர்கள் நிறைந்த ஒரு திருமண மண்டபத்தில் 300 பேர் பந்தியில் உட்கார்ந்தால், அவர்களுள் முப்பது பேர் அளவுக்கு அந்த மாற்றத்தைச் சுமந்துகொண்டு, அது தெரியாமலே சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள். ஆகவே உங்கள் மகனுக்கு அது மனைவியிடமிருந்து வந்ததா, உங்களிடமிருந்தா என்பதை முகத்தையோ பெயரையோ வைத்து யாரும் சொல்ல முடியாது. நீங்கள் இருவரும் பரிசோதனை செய்துகொண்டால் மட்டுமே தெரியும். தெரிந்து குற்றம் சாட்டுவதற்கும் அதில் ஒன்றும் இல்லை. இந்த மாற்றம் மருந்து உடையும் வேகத்தை மாற்றுகிறதே தவிர, ரத்தப் புற்றுநோயை உண்டாக்குவதில்லை.

ஆனாலும் குடும்பத்துக்கு ஒரு பயன் இருக்கிறது. குடல் அழற்சி, லூபஸ், உறுப்பு மாற்றம் போன்றவற்றுக்குத் தரப்படும் அசதயோபிரின் இதே குடும்பத்து மருந்து. உங்களுக்கோ மனைவிக்கோ இரு தரப்பு உறவினருக்கோ எப்போதாவது அதை எழுதிக்கொடுத்தால், 'எங்கள் பையனுக்கு என்யுடிடி15 மாற்றம் இருக்கிறது' என்று மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

இரு இனங்கள் கலந்ததால் நோய் வந்தது என்பதற்கு வருகிறேன். ஏ.எல்.எல். நோயில் பெரும்பாலான நேரங்களில் முதல் மரபணுப் பிழை, குழந்தை கருவில் இருக்கும்போதே, வளர்ந்துவரும் ஒரே ஒரு ரத்த அணுவுக்குள் நிகழ்கிறது. பிறந்த குழந்தையின் குதிகாலில் குத்தி எடுத்து அட்டையில் உலர்த்தி வைத்திருந்த ரத்தத் துளிகளில், பல ஆண்டுகள் கழித்து நோய் வந்த பிள்ளைகளின் பிழையை ஆய்வாளர்கள் கண்டெடுத்திருக்கிறார்கள். அப்படிப்பட்ட பிழையோடு பிறக்கும் பிள்ளைகளுள் பெரும்பாலோருக்கு நோய் வருவதே இல்லை; பிறந்த பிறகு இன்னும் சில பிழைகள் சேர்ந்தால்தான் வருகிறது. அப்பா அம்மாவின் உடலில் இல்லாத பிழை அது. தமிழ்ப் பெற்றோருக்கும் சீனப் பெற்றோருக்கும் மலாய்ப் பெற்றோருக்கும் பிறந்த பிள்ளைகள் என் சிகிச்சை அறையில் ஒரே நாற்காலியில் மாறி மாறி உட்கார்ந்திருக்கிறார்கள். உங்கள் திருமணத்தின் மேல் இந்தப் பழியைச் சுமத்த மருத்துவத்தில் எந்த ஆதாரமும் இல்லை.

ஊருக்கு ஊர் மாறுவது எது?

பெர்த் நண்பருக்கு என்ன வகை என்று நீங்கள் எழுதவில்லை. ஆறு ஆண்டுகள் மருந்தில்லாமல் கண்காணிப்பில் இருக்கிறார் என்றால், அது பெரும்பாலும் சி.எல்.எல். எனப்படும் நாட்பட்ட நிணநீரணு வகையாக இருக்கும். பெயர்கள் ஒட்டிப்பிறந்தவை போல் ஒலித்தாலும் இரண்டும் வேறு நோய்கள். சி.எல்.எல். முதியவர்களின் நோய், பிள்ளைகளுக்கு வருவதில்லை. அது மெதுவாக வளரும். அறிகுறி இல்லாதவருக்கு முன்கூட்டியே மருந்து கொடுப்பதால் ஆயுள் கூடுவதாகத் தெரியவில்லை என்பதால்தான் காத்திருந்து கவனிக்கிறார்கள். ஏ.எல்.எல். அப்படிக் காத்திருக்க விடாது. அதற்கு மருந்து கொடுக்காவிட்டால் சில வாரங்களிலோ மாதங்களிலோ உயிரைப் பறித்துவிடும்.

ரத்தப் புற்றுநோய் வகைகள் இனத்துக்கும் இடத்துக்கும் ஏற்ப எப்படி மாறுகின்றன என்பதற்கு மிகத் தெளிவான எடுத்துக்காட்டும் அதே சி.எல்.எல். தான். மேற்கத்திய நாடுகளில் பெரியவர்களுக்கு வரும் ரத்தப் புற்றுநோய்களில் அதுவே மிகப் பரவலானது. சீனாவிலும் ஜப்பானிலும் கொரியாவிலும் அது அரிது. அமெரிக்காவில் தலைமுறைகளாக வாழும் சீன, ஜப்பானிய வம்சாவளியினரிடமும் அது குறைவாகவே இருப்பதால், உணவையும் காற்றையும்விட மரபுக்கு இதில் பங்கு அதிகம் என்று கருதுகிறோம்.

எல்லா வேறுபாடும் மரபால் வருவதில்லை. உங்கள் மனைவி படித்தது ஏ.டி.எல். எனப்படும் வளர்ந்தோர் டி-அணு ரத்தப் புற்றுநோய் பற்றியதாக இருக்க வேண்டும். 1970-களில் ஜப்பானிய மருத்துவர்கள் விவரித்த அந்த நோய்க்குக் காரணம் எச்.டி.எல்.வி.-1 என்ற வைரஸ். அந்த வைரஸ் தென்மேற்கு ஜப்பான், கரீபியத் தீவுகள், ஆப்பிரிக்காவின் சில பகுதிகள் என்று குறிப்பிட்ட இடங்களில் செறிந்திருக்கிறது. தாய்ப்பால் வழியே அது பரவுவதால் நாகசாகியில் 1987 முதல் கர்ப்பிணிகளைப் பரிசோதித்து ஆலோசனை தருகிறார்கள். அங்கேயும் பரவுவது வைரஸ்தான். அதைச் சுமப்பவர்களுள் சிறு பகுதியினருக்கு மட்டும், பல பத்தாண்டுகள் கழித்து நோய் வருகிறது. உங்கள் மகனின் ஏ.எல்.எல். அந்த நோய் அன்று. அது தொற்றாது.

மூன்றாவதாக, புள்ளிவிவரமே ஏமாற்றும் இடங்களும் உண்டு. நாட்பட்ட மைலாய்டு வகை ரத்தப் புற்றுநோய் இந்தியாவில் மேற்கைவிட மிக இளைய வயதில் வருவதாகக் கணக்குகள் காட்டும். இந்தியாவில் இளைஞர்கள் அதிகம் என்பது அதற்கு ஒரு காரணம். ஏழை நாடுகளில் பிள்ளைகளுக்கு ஏ.எல்.எல். குறைவு என்று பதிவானால், நோயைக் கண்டறியும் முன்பே காய்ச்சலிலும் ரத்தப்போக்கிலும் இறந்துபோன பிள்ளைகள் அந்தக் கணக்கில் இல்லை என்பதையும் நினைக்க வேண்டும். இந்த வகையில் சிங்கப்பூர் கொடுத்து வைத்த ஊர். நோயியல் பேராசிரியர் சண்முகரத்தினம் நிறுவிய புற்றுநோய்ப் பதிவகம் 1968 முதல் சீனர், மலாய்க்காரர், இந்தியர் என்று தனித்தனியே கணக்கு வைத்திருக்கிறது. ஒரே ஊர், ஒரே தண்ணீர், ஒரே மருத்துவமனைகள் இருக்கும்போது இனங்களுக்கிடையே வேறுபாடு தெரிந்தால் அதற்குப் பொருள் உண்டு. ஒரு தமிழரின் பொறுமையான உழைப்பு அது என்பதில் எனக்குப் பெருமையும் உண்டு.

அக்கா படித்த செய்தி

அவர் படித்தது பொய்யில்லை, பாதி உண்மை. அமெரிக்காவில் லத்தீன் அமெரிக்க வம்சாவளிப் பிள்ளைகளுக்கு ஏ.எல்.எல். அதிகம் வருகிறது, திரும்ப வருவதும் அதிகமாக இருந்தது. அவர்களுள் அமெரிக்கப் பூர்வகுடி மரபு கூடியவர்களிடம் சில மரபணு வேறுபாடுகளும் கடினமான துணை வகைகளும் மிகுதி. ஆனால் 2011-இல் வெளியான ஆய்வின் மற்றொரு பாதியை யாரும் பகிர்வதில்லை: சிகிச்சையில் கூடுதலாக ஒரு கட்டம் சேர்த்துக் கொடுத்தபோது அந்த மரபால் வந்த அபாயம் மறைந்துவிட்டது. மரபு எச்சரித்தது, சரியான சிகிச்சை அதைத் திருத்தியது. தவிரவும், அந்த மரபுக்கும் உங்கள் மகனுக்கும் தொடர்பில்லை.

உங்கள் கடிதத்தில் இனம் என்ற சொல் பதினோரு இடங்களில் வருகிறது. அவனுடைய நோய் எப்படிப் போகும் என்பதை இனத்தைவிட நன்றாகச் சொல்லக்கூடிய ஒன்று மட்டும் அதில் இல்லை: சிகிச்சையின் முதல் கட்டங்களுக்குப் பிறகு மஜ்ஜையில் எஞ்சியிருந்த புற்றணுக்களின் அளவு. மலேசியாவும் சிங்கப்பூரும் சேர்ந்து நடத்திய மா-ஸ்போர் 2003 திட்டத்தில் மூன்று இனத்துப் பிள்ளைகளையும் இந்த அளவை முக்கியமாக வைத்துத்தான் பிரித்தார்கள். வேகமாகத் துடைத்தெறிந்தவர்களுக்குச் சிகிச்சையைக் குறைத்தார்கள், தாமதித்தவர்களுக்குக் கூட்டினார்கள். ஏறத்தாழ பத்தில் ஒன்பது பிள்ளைகள் பிழைத்தார்கள். அடுத்த முறை போகும்போது இரண்டு கேள்விகளை எழுதிக்கொண்டு போங்கள்: எஞ்சிய நோயின் அளவு என்ன வந்தது? இவனுடைய புற்றணுக்களில் எந்த மரபணு மாற்றம் இருந்தது? நான் உங்கள் மகனைப் பார்த்ததில்லை. இந்த இரண்டு விடையும் கையில் உள்ள மருத்துவர் சொல்வதே, நான் இங்கே எழுதுவதைவிட எடை கூடியது.

மஜ்ஜை தேவைப்பட்டால்

இங்கே இனம் உண்மையாகவே பேசுகிறது. முதலில் ஒன்று: ஏ.எல்.எல். பிள்ளைகளுள் பெரும்பாலோருக்கு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை தேவைப்படுவதே இல்லை. உங்கள் மகனுக்கு அதைப் பற்றி மருத்துவர் பேசவில்லை என்றால், இப்போது தேடி அலைய வேண்டாம்.

தேவைப்பட்டால், பொருத்தம் பார்ப்பது எச்.எல்.ஏ. என்ற திசு அடையாளங்களை. அவற்றைப் பிள்ளை தாயிடமிருந்து ஒரு தொகுதியும் தந்தையிடமிருந்து ஒரு தொகுதியுமாகப் பெறுகிறது. ஒரு தொகுதி தமிழர்களிடமும் மற்றது சீனர்களிடமும் காணப்படுவதாக இருந்தால், இரண்டும் ஒருங்கே அமைந்த அயலார் கிடைப்பது கடினம்தான். கலப்பில்லாதவர்களுக்கும் சமநிலை இல்லை: 2014-இல் வெளியான அமெரிக்கக் கணக்கீட்டில் ஐரோப்பிய வம்சாவளியினருக்கு முழுப் பொருத்தமுள்ளவர் கிடைக்கும் வாய்ப்பு 75 விழுக்காடு, தெற்காசியருக்கு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. நம்மவர்கள் பதிவு செய்துகொள்வது குறைவு என்பதே இதற்கு ஒரு பெரிய காரணம். சிங்கப்பூரில் எலும்பு மஜ்ஜைக் கொடையாளர் திட்டம் 1993 முதல் இயங்குகிறது. கன்னத்தின் உட்புறம் பஞ்சுக் குச்சியால் தடவிக் கொடுத்தால் பதிவு முடிந்தது. உங்களுக்காக ஏதாவது செய்யத் துடிக்கும் உறவினர்களை அங்கே அனுப்புங்கள்.

உங்கள் மகனுக்கான வழிகளும் குறுகியவை அல்ல. தங்கைக்கும் அதே தாய், அதே தந்தை; முழுப் பொருத்தத்துக்கு நான்கில் ஒரு வாய்ப்பு அவளிடம் இருக்கிறது. நீங்களும் மனைவியும் எப்போதும் பாதிப் பொருத்தம். பாதிப் பொருத்தத்தோடு மஜ்ஜை மாற்றும் முறை இன்று வழக்கத்துக்கு வந்துவிட்டது. பிள்ளையின் சொந்த டி-அணுக்கள் எனப்படும் வெள்ளணுக்களையே எடுத்துப் பயிற்றித் திருப்பிச் செலுத்தும் கார்-டி சிகிச்சைக்குக் கொடையாளரே வேண்டாம். சிங்கப்பூரில் 2021-இல் அதற்கு ஒப்புதல் கிடைத்தது.

வீட்டில் செய்ய வேண்டியவை

காய்ச்சல் 38 பாகையைத் தொட்டால், பாரசிட்டமால் கொடுத்து விடியும்வரை பார்க்கலாம் என்று இருக்காதீர்கள். உடனே மருத்துவமனைக்குப் போங்கள். அம்மா தேக்கா சந்தையிலிருந்து வாங்கிவந்து பிள்ளையின் ஈரலுக்கு நல்லது என்று கொடுக்கும் கீழாநெல்லிச் சாற்றைப் பற்றி மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள், அவர் பார்த்துச் சொல்லும்வரை நிறுத்திவையுங்கள். இவன் சாப்பிடும் மருந்துகளும் ஈரல் வழியாகவே போகின்றன. ரத்தப் பரிசோதனையில் ஈரல் நொதிகளின் அளவு ஏறினால், அது மருந்தாலா சாற்றாலா என்று தெரியாமல் சிகிச்சையையே நிறுத்த நேரிடும். பள்ளியில் சின்னம்மையோ தட்டம்மையோ வந்ததாகத் தெரிந்தால் அன்றே தொலைபேசியில் தெரிவியுங்கள். தங்கைக்கு 12 மாதத்தில் போட வேண்டிய தட்டம்மைத் தடுப்பூசியைத் தள்ளிப்போட வேண்டாம். அது அண்ணனுக்கும் காவல்.

உங்கள் மனைவி தாராளமாகப் பால் கொடுக்கலாம், நிறுத்த எந்தக் காரணமும் இல்லை. ஆனால் சாப்பாட்டு மேசையில் கத்தியால் மாத்திரையைப் பிளப்பதை இன்றே விடுங்கள். அந்தத் தூள் வீரியமான மருந்து. மருந்தகத்தில் கேட்டு மாத்திரை வெட்டும் கருவி ஒன்றை இதற்கென்றே தனியாக வைத்துக்கொள்ளுங்கள், கையுறை போட்டுக்கொண்டு வெட்டுங்கள், வெட்டிய இடத்தை ஈரத்தாளால் துடைத்து எறியுங்கள். இயன்றவரை இந்த வேலையை நீங்களே செய்யுங்கள். பால் கொடுக்கும் தாய் வெறும் கையால் அந்த மாத்திரையைத் தொட வேண்டாம்.